வரிசையில் நான்காவது ஆள்

காலை மணி ஏழு. டோக்கியோ நேரம். பழைய நேரப்படி ஐந்தரைதான், இன்னும் இருட்டு. கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது ஒரு பூட்ஸ். கயிற்றுக்குப் பதிலாக அதில் ரப்பர் வார் கட்டியிருந்தது. அதற்கும் என் மூக்குக்கும் நடுவே ஒரு சாண். நான் தரையில் கிடக்கிறேன் என்பது அதைப் பார்த்துத்தான் புரிந்தது.

அப்போது பாடாங் செராய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். அதற்கு முன் பினாங்கில் பத்திரிகை நிருபர். ஜப்பான்காரன் வந்த பிறகு, விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டில் வரிசையாக நின்று ஜப்பானிய மொழியில் எண் சொல்ல வேண்டும். கிராணிக்கும் விலக்கில்லை. என் இடம் நான்காவது. என் எண் ‘சி’. எனக்கு முந்தின மாரிமுத்து ‘சான்’ சொல்வான்.

“நாங்கல்லாம் எண்ணுறோம். நம்ம கிராணியார் மட்டும் தெனமும் ஜப்பான்காரன் மூஞ்சிக்கு நேரா ‘சீ’ங்கிறாரு” என்று தொழிலாளர் லயத்தில் சொல்லிச் சிரிப்பான்.

எட்டு நாளுக்கு முன் கரங்கான் சாலையில் சைக்கிள் சறுக்கி, மதகுக் கல்லில் தலை மோதியிருந்தது. வெளிக்காயம் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை என் முறை வந்தபோது அந்த ஓர் எழுத்து வரவில்லை. “நாலு” என்றேன். துப்பாக்கியின் அடிக்கட்டை காதுக்கு மேலே விழுந்தது.

தோட்டத்து மருந்தறை டிரஸ்ஸர் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். சைக்கிளில் விழுந்ததை அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

“மொத அடியே ஆறல கிராணியாரே, அதுக்குள்ள ரெண்டாவது. மூணாவது பட்டா என்கிட்டத் தூக்கிட்டு வர வேணாம்.”

பத்து நாள் ஓய்வு எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் அவருக்கு அதிகாரமில்லை. எண் சொல்லத் தெரியாதவனைச் சயாம் ரயில் பாதைக்கு லாரியில் ஏற்றுவதாக ஜப்பானிய அதிகாரி சொல்லியிருந்தான். எங்கள் தோட்டத்திலிருந்து அங்கே போனவர் எவரும் அதுவரை திரும்பவில்லை.

என் மனைவி ஞானம் சன்னலில் சாக்கு கட்டினாள். வெளிச்சம் பட்டால் வாந்தி. வாளிச் சத்தம் கேட்டால் மண்டைக்குள் இடி. மூன்றாம் நாள் அவளைப் பார்த்து, “நீ யாரு வீட்டுப் பொண்ணு?” என்று கேட்டேன்.

“உங்க வீட்டுப் பொண்ணுதான். படுங்க” என்றாள். பிறகு சமையலறையில் அழுதாள். எனக்குக் கேட்டது.

ஜெபிக்கவும் வார்த்தை இல்லை. பரமண்டல ஜெபம் அப்பம் கேட்கும் இடத்தில் நின்றுவிடும். அப்புறம் வெறும் பயம். ‘ஆண்டவரே, ஓர் எழுத்து கொடும்’ என்று மட்டும் கேட்டேன். ஞானம் நாள் முழுக்க எண் சொல்லிக் கொடுத்தாள். சொன்னவுடன் சொல்வேன். ஐந்து நிமிஷத்தில் போய்விடும்.

பதினோராம் நாள் வரிசையில் நின்றேன். ஆபீசுக்கு எதிரே லாரி இன்ஜினை நிறுத்தாமல் நின்றது.

“இச்சி.”

“நி.”

மாரிமுத்து “சான்” என்று கத்தினான்.

எனக்குள் ஒன்றுமே இல்லை. ஆண்டவரே என்றேன், உள்ளுக்குள். கணுக்காலில் ஈரமாக ஏதோ பட்டது. குனிந்தேன். மாரிமுத்துவின் நாய். லயத்தில் கட்டிக் கிடக்க வேண்டியது, என் காலை நக்கிக்கொண்டிருந்தது.

“சீ!” என்றேன்.

“கோ” என்றான் ஐந்தாவது ஆள். எண்ணிக்கை என்னைத் தாண்டிப் போயிற்று.

மாலையில் மாரிமுத்துவைப் பிடித்தேன். “நாயை நீதானே அவுத்து விட்டே?”

“ஐயோ, இல்லீங்க கிராணியாரே. அதுக்கு ஜப்பான் பாஷை தெரியும்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

போய்க் கயிற்றைப் பார்த்தேன். கத்தி பட்ட முனை இல்லை. பல்லால் கடிபட்டுப் பிய்ந்திருந்தது.

தலை ஓரளவு தெளிய ஏழு மாதம் ஆனது. இன்றும் வெயிலில் நெடுநேரம் நிற்க முடியாது; தெரிந்தவர் பெயரே நழுவும். முன்பெல்லாம் ஜெபத்தையும் செய்தி போலத் திருத்தி, அழகாகச் சொல்வேன். அதை விட்டுவிட்டேன். சபையாரே, வார்த்தை வராத நாள் உங்களுக்கும் வரலாம். பயம் போன பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே கேளுங்கள். நான் ஓர் எழுத்து கேட்டேன். கொடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

அந்தப் பெரட்டுக்கு அடுத்த மாதம் மாரிமுத்துவை அதே லாரியில் ஏற்றினார்கள். அவன் நாய் எங்கள் வாசலில் ஆறு வருஷம் இருந்தது.