அனுப்பியது ஐந்து, பிடிபட்டது ஐந்து

எங்கள் ஆலையில் கழுகு அக்கா என்றால் வாசலில் பை சோதிப்பவர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான். அவர் கண் அப்படி. மற்றவர்கள் மூன்று முறை பார்த்தும் கோட்டை விட்டதை, பேச்சுவாக்கில் கை நீட்டி எடுத்துவிடுவார். அவர் கதையைச் சொல்ல எனக்கு அருகதை கிடையாது. ஆனால் முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இருமல் மருந்து ஆலை அது. தண்ணீர் போலத் தெளிந்த மருந்து, உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடி பாட்டில். நிரப்பி மூடி போட்ட பாட்டில்கள் லேசாகச் சுழன்றபடி பெல்ட்டில் வரிசையாக வரும். பெல்ட்டுக்குப் பின்னால் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பலகை, தலைக்கு மேலே கண்ணைக் குத்தும் விளக்கு. அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் தூசியோ நாரோ கண்ணாடித் துணுக்கோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்பில் கண்ணாடி தெரியும், வெள்ளையில் அழுக்கு தெரியும். கெட்டது இடப்பக்கத் தட்டுக்கு. சந்தேகமானதை எடுத்து, கழுத்தை இரண்டு விரலால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, நல்லது என்றால் வலப்பக்கம் வைக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று சொன்னவர்களையெல்லாம் பிடித்து இழுத்துவந்து ஒரு மணி நேரம் அங்கே உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

அக்கா பதினோரு வருஷம் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் தையல்காரர். வாசல் அறையிலேயே மெஷின் போட்டிருந்தார். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன்னால் பத்து ஊசியில் நூல் கோத்து, ஒரு துணிப் பொட்டலத்தில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டு வருவார் அக்கா. 'எங்க வீட்டுக்காரரு அழகப் பார்த்தா என்னைக் கட்டிக்கிட்டாரு, ஊசி கோக்க ஆள் வேணும்னு கட்டிக்கிட்டாரு' என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து, பேத்தியும் பார்த்தாயிற்று. வேலையும் வீடும் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நான் அந்தப் பிரிவுக்கு சூப்பர்வைசர். என் கையில் இரண்டு புத்தகம். ஒன்று ஓய்வுப் புத்தகம். இருபது நிமிடம் பார்த்தால் பத்து நிமிடம் இருட்டறை பெஞ்சில் கண்ணை மூடி உட்கார வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் இரண்டு விளக்குக்கு மூன்று பெண்கள். ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து போவார்கள். இன்னொன்று பரீட்சைப் புத்தகம். உண்மையான கண்ணாடித் துணுக்கு போட்டு மூடிய ஐந்து பாட்டில் என் பெட்டியில் இருக்கும். யாருக்கும் தெரியாமல் அவற்றை நாள் முழுக்க ஒவ்வொன்றாக வரிசையில் சேர்த்துவிடுவேன். பார்ப்பவர்கள் பிடிக்கிறார்களா என்று சோதிக்க. பிடிக்காமல் விட்டால், பெல்ட்டின் கடைசியில் உள்ள ஊதா விளக்கில் பாட்டிலின் அடியில் உள்ள ரகசியக் குறி மின்னும். அங்கே நான் எடுத்துவிடுவேன். அதனால் பரீட்சை பாட்டில் ஒருநாளும் வெளியே போகாது.

ஒரு வருஷம் ஆட்குறைப்பு என்றார்கள். மூன்று பெண்களில் ஒருவரை நிறுத்தினார்கள். விளக்கு இரண்டு, ஆள் இரண்டு. இருட்டறைக்கு யார் போவது? யாரும் போகவில்லை. ஓய்வு என்பது புத்தகத்தில் மட்டும் நடந்தது. காலையில் வந்ததும் அன்றைய பதினாறு கட்டங்களிலும் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிவிடுவேன். இன்னும் கண்ணே திறக்காத நேரத்தில் பதினாறு தடவை ஓய்வெடுத்து முடித்துவிட்டோம் என்று அக்கா கிண்டல் செய்வார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. பெல்ட் நின்றபிறகும் எதிர்ச் சுவர் மெல்ல இடப்பக்கமாக நகர்வதாகச் சொன்னார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு நகர்கிறது என்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவாராம். கழுத்து இறுகி, தலைவலி பின்மண்டையில் குடியேறியது. எழுந்து போனால் வரிசை தேங்கிவிடும் என்று மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பில் துடித்தார். கண்ணை மூடினால் பாட்டில் வருகிறது, எண்ணி முடிக்காமல் தூக்கம் வருவதில்லை என்றார். பொட்டலத்தில் பத்து ஊசி ஏழாகி, நான்காகி, கடைசியில் தையல்காரரே கண்ணாடி மாட்டிக்கொண்டு கோத்துக்கொண்டார். இதெல்லாம் அக்கா என்னிடம் சொன்னதுதான். நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒருநாள் இடைவிடாமல் தொண்ணூறு நிமிடம் ஓடிய அக்காவின் பெல்ட்டின் கடைசியில் நின்றிருந்தேன். ஊதா விளக்கில் ஒரு பாட்டில் மின்னியது. அன்றைக்கு நான் விட்ட மூன்றாவது பரீட்சை பாட்டில். உள்ளே வெட்டிப்போட்ட நகம் அளவுக்குத் துணுக்கு. பதினோரு வருஷத்தில் அக்கா கோட்டை விட்டது அதுதான் முதல் தடவை. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புத்தகத்தில், அனுப்பியது ஐந்து, பிடிபட்டது ஐந்து என்று எழுதினேன். அக்கா பெயரில் ஒரு கறை விழக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. நான்கு என்று எழுதினால் ஏன் விட்டார் என்று விசாரணை வரும், ஓய்வுப் புத்தகத்தைக் கேட்பார்கள், அதில் முதலில் மாட்டுபவன் நான்.

மூன்று நாள் கழித்து அக்கா என் மேஜைக்கு வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"தம்பி, ஒரு பாட்டில விட்டுட்டேன். உள்ள கண்ணாடி இருந்துச்சு. கண்ணு பாத்துச்சு, கை வரல. கை வர்றதுக்குள்ள போயிடுச்சு."

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நாளாகவே எல்லா பாட்டிலிலும் ஏதோ மிதப்பதுபோல் தெரிவதால் பிரமை என்று இருந்துவிட்டாராம். வீட்டில் கண்ணை மூடியதும் எல்லா பாட்டிலும் போய், அது ஒன்று மட்டும் நின்றுவிட்டதாம். ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு குழந்தைக்கு அதை ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்றார்.

என்னைத் தாண்டி மேனேஜரிடமும் போனார். மேனேஜர் பரீட்சைப் புத்தகத்தை வரவழைத்துத் தேதியைப் பிரித்தார். அனுப்பியது ஐந்து, பிடிபட்டது ஐந்து. அன்றைக்கு உங்கள் கண் முழுசாக வேலை செய்திருக்கிறது, எதுவும் தப்பவில்லை, வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று ஆறுதலாகத்தான் சொன்னார். அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ நான் பாத்தது பரீட்சை பாட்டில் இல்ல. அஞ்சும் கிடைச்சிருச்சில்ல? அப்போ இது நிஜம்."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் சட்டைப்பையில் போட்ட பாட்டில் அடுத்த அறையில் என் பெட்டியில் இருந்தது. வாயைத் திறந்திருந்தால் அவருக்கு அந்த நிமிடமே விடுதலை. நான் புத்தகத்தை மூடி வாங்கிக்கொண்டேன். கோழைத்தனம் என்பதற்கு வேறு மரியாதையான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஆலை டாக்டர் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் தூங்க மாத்திரையும் கொடுத்தார். அடுத்த மாதமே அக்கா வேலையை விட்டார். விட்ட பிறகாவது நிம்மதியாக இருந்திருக்கலாம். மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்க ஆரம்பித்தார். எங்கள் மருந்து இருக்கிறதா என்று கேட்டு, ஒவ்வொன்றையும் குழல்விளக்கில் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வலப்பக்கம் வைப்பாராம். முதலில் பரிதாபப்பட்ட கடைக்காரர்கள் பிறகு அவரைக் கண்டாலே ஸ்டாக் இல்லை என்றார்கள். மகள் கூட்டிக்கொண்டு வந்திருந்த பேத்திக்கு இருமல் வந்தபோது, வீட்டிலிருந்த மருந்து மொத்தத்தையும் குளியலறையில் கொட்டிவிட்டார். குழந்தை அன்று முழுக்க இருமி இருமித் துவண்டது. மகள் கோபித்துக்கொண்டு, உனக்கு சரியாகிற வரைக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். தையல்காரர் மனைவிக்குக் காவலாக மெஷினைப் பாதியில் விட்டுவிட்டுக் கடை கடையாகப் பின்னால் நடந்தார். இந்தச் செய்திகள் எல்லாம் எனக்கு வந்துகொண்டுதான் இருந்தன.

அந்தப் பொய்யை எழுதி எட்டு மாதம் கழித்து என் வீட்டருகே மருந்துக்கடையில் அவரைப் பார்த்தேன். என் பையனுக்கு இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து பாட்டிலை மெதுவாக வாங்கியது. தூக்கிப் பிடித்து, சுற்றிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"இது போகலாம் தம்பி. எத்தனை கடை பாத்துட்டேன், எல்லாம் நல்ல பாட்டிலாவே வருது. அதான் பயமா இருக்கு. அப்போ அது யார் வீட்டுக்கோ போயிடுச்சு."

இளைத்து எலும்பாகியிருந்தார். வேலை போனால் போகட்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. எட்டு மாதம் லேட்.

மறுநாள் மதியம் அந்தப் பரீட்சை பாட்டிலையும் இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தையல்காரர் மெஷினை நிறுத்தினார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிடிபட்டது நான்குதான் என்பதை, தப்பிய ஒன்றை நான் எடுத்துச் சட்டைப்பையில் போட்டதை, எதற்காகப் பொய் எழுதினேன் என்பதை, எதையும் மிச்சம் வைக்கவில்லை.

தையல்காரர் எழுந்து என் அருகில் வந்தார். அவர் குரல் உயரவே இல்லை.

"எட்டு மாசம் தெரிஞ்சுக்கிட்டே இருந்தீங்களா சார்?"

ஆமாம் என்றேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, கேட்டியா, அது வெளியவே போகலையாம் என்றார். சொல்லி முடிக்கும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா கையை நீட்டினார். பாட்டிலைக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதே பழைய கை. கழுத்தை இரண்டு விரலால் பிடித்து ஒரு சுற்று. உள்ளே துணுக்கு எழும்பி, மின்னி, மெல்ல இறங்கியது. நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன், எனக்கே பளிச்சென்று தெரிகிறது. அக்கா கண்ணைச் சுருக்கினார். கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். இன்னொரு சுற்று. மறுபடியும் ஒன்று. தொண்ணூறு நிமிடம் தொண்ணூறு நிமிடமாக அந்த விளக்கின் முன்னால் நான் உட்கார வைத்த கண் அது.

"இதுல ஒண்ணும் இல்லையே தம்பி."

தையல்காரர் அவசரமாகத் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். இருக்கு, அடியில கிடக்கு பாரு, இதோ மின்னுதே என்று விரலை வைத்துக் காட்டினார். அக்கா அந்த விரலைப் பார்த்தார், பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தார். ஒரு குழந்தையின் பொய்யைக் கேட்டுக்கொள்வதுபோல் அவர் முகம் இளகியது.

"நீங்களுமா? என்னைத் தேத்துறதுக்கு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

நாங்கள் மாறி மாறிச் சத்தியம் செய்தோம். புத்தகத்தைப் பிரித்து என் கையாலேயே ஐந்தை அடித்து நான்கு என்று எழுதிக் காட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனசு தம்பி உங்களுக்கு, எனக்காக வேலையைக் கெடுத்துக்காதீங்க என்றார். பிறகு அந்தப் பாட்டிலைப் புடவைத் தலைப்பால் துடைத்து, ஜன்னல் கட்டையில் தன் வலப்பக்கமாக வைத்தார்.

"இது நல்ல பாட்டில். அது எங்க போச்சுன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க."