வட்டம் போட்ட பலகைகள்

கடல் பாலத்தின் முதல் பலகையில் நான் கால் வைத்தபோது காலை மணி ஆறு பத்து. நாத்தனாரின் கால் பலகைக்குள் இறங்கியபோது ஆறு இருபத்தெட்டு. இரண்டையும் கைக்கடிகாரத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். அவ்வளவு பயத்திலும் எதற்காகக் கடிகாரத்தைப் பார்த்தேன் என்று தெரியவில்லை. பழக்கம்தான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் பிரிக்கும் பகுதியில் எனக்குப் பதினேழு வருடம் ஆகிறது. மேசை மேல் தோலை விரித்து, விளக்கு வெளிச்சத்தில் கையால் தடவிப் பார்ப்பேன். முள்கம்பி கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, அம்மை வடு, எது இருந்தாலும் வெள்ளிப் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். அடுத்த மேசை கட்டிங். அங்கே என் கணவரின் தங்கை வேலை செய்கிறாள். வட்டத்துக்கு வெளியே அச்சை வைத்து வெட்டுவாள். வட்டம் போட்ட இடம் ஆகாத இடம், அங்கே போகாதே என்பதுதான் எங்கள் கணக்கு. அவள் தோலைத் திரும்பப் பார்ப்பதே இல்லை. என் வட்டங்களை மட்டும் பார்ப்பாள். "எங்க அண்ணி கண்ணுல பட்டா கடவுள் தோலா இருந்தாலும் ரிஜெக்ட்டுதான்" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வாள்.

வேலை முடிந்து நாங்கள் நெடுஞ்சாலையைக் கடக்கும்போதும் இப்படித்தான். என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். நான் நின்றால் நிற்பாள், நடந்தால் நடப்பாள். வாய் மட்டும் ஓயாது.

மே மாதம் கம்பெனி நான்கு நாள் லீவு விட்டது. ஆம்பூர் வெயிலில் தகர ஷீட்டுக்கு அடியில் கிடப்பதைவிட எங்காவது போகலாம் என்று நாத்தனார்தான் தொடங்கினாள். யாரோ போனில் அனுப்பிய வீடியோவில் அந்தக் கடல் பாலத்தைப் பார்த்திருக்கிறாள். வெள்ளைக்காரர் காலத்துப் பாலம். கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் போய், எங்கும் சேராமல் நின்றுவிடும். "கடல் மேலயே நடந்து போலாம் அண்ணி, நனையாம" என்றாள். கணவர், நான், அவள், மூன்று பேரும் வேலூர் போய் பஸ் மாறினோம். அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். கோடையில் எங்களைப் போன்றவர்கள் வந்து நிறையும் ஒரு சிறிய ஊர்.

முதல் நாள் மாலை மணலில் கால் வைக்க இடமில்லை. அதனால் மறுநாள் விடிந்ததும் பாலத்துக்குப் போனோம். பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. எதிரே ஓர் அறிவிப்புப் பலகையில் பராமரிப்பு வேலை நடக்கிறது, கவனம் என்று எழுதி, வெயிலில் பாதி எழுத்து போயிருந்தது. கம்பி வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி இருந்தது.

"மேல போலாமாண்ணா?" என்று நாத்தனார் டீக்கடைக்காரரைக் கேட்டாள்.

"தூண்டில் போடறவங்க தெனமும் போறாங்க, வர்றாங்க. பலகைல பெயிண்ட் வச்சிருக்காங்க, அத பாத்து நடந்தா சரி. ஒரு காலத்துல இங்கேர்ந்துதாம்மா வேர்க்கடலையும் தோலும் கப்பல் ஏறுமாம்."

"தோலா? அப்ப இது நம்ம பாலம் அண்ணி! யார கேக்கணும்?"

பெயிண்ட் எதற்கு என்று நான் அவரிடம் கேட்டிருக்கலாம். டீ குடித்து முடிக்க ஆறு நிமிடம் ஆனது. ஆறு நிமிடமும் அவர் எதிரில்தான் நின்றேன்.

கணவருக்கு முழங்கால் வலி. மணலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். "இந்த முட்டிய வச்சிக்கிட்டு நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க. இவ அங்க போயி எதனா ஆட்டம் காட்டுவா, பாத்துக்க" என்று என்னிடம் சொன்னார்.

"ஆமா, நான் சின்னப் பாப்பா" என்றாள் தங்கை. அவளுக்கு நாற்பத்து நான்கு வயது.

பலகைகள் பாலத்தின் குறுக்கே வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம். இடையில் இரண்டு விரல் சந்து. பத்தாவது பலகை வரை சந்தில் மணல் தெரிந்தது, பிறகு நுரை, பிறகு பச்சைத் தண்ணீர். இருபுறமும் துருப்பிடித்த கைப்பிடிக் கம்பி. இடப்பக்கக் கம்பி ஓர் இடத்தில் அறுந்து வெளியே தொங்கியது. கீழே இரும்புத் தூண்களில் அலை மோதும்போதெல்லாம் உள்ளங்காலில் அது தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கும் தெரியாது. எங்கள் பக்கத்துப் பாலாற்றில் நீச்சல் கற்றுக்கொள்ளத் தண்ணீர் ஏது?

பதினாறாவது பலகையில் முதல் வட்டத்தைப் பார்த்தேன். காபி டம்ளர் வாய் அளவில் வெள்ளைப் பெயிண்ட் வட்டம். அதற்கப்புறம் ஒன்று விட்டு ஒன்று, சில இடத்தில் இரண்டு விட்டு ஒன்று என்று வட்டங்கள் வந்துகொண்டே இருந்தன.

"நில்லு" என்றேன். "வட்டம் போட்ட பலகைல கால் வைக்காத. அதெல்லாம் ஆகாதது. நான் வைக்கற எடத்துல வை."

"இங்கயுமா உங்க வட்டம்?" என்று சிரித்தாள். ஆனால் மறுபேச்சு இல்லை. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் கால் எடுத்த இடத்தில் தன் காலை வைத்து வந்தாள்.

போகப் போக வட்டங்கள் அதிகமாயின. இவ்வளவு பலகை கெட்டுப்போன பாலத்தில் ஆளை எப்படி விடுகிறார்கள் என்று நினைத்தேன். வட்டம் இல்லாத பலகைகள் சில இடத்தில் ஆடின. ஒன்று ஊஞ்சல் பலகை மாதிரி ஒரு பக்கம் தூக்கியது. நல்ல பலகையே இப்படி ஆடினால் ஆகாத பலகை எப்படி இருக்கும் என்று இன்னும் பயந்து, வட்டத்தை இன்னும் கவனமாகத் தாண்டினேன். திரும்பிப் போகலாம் என்று இரண்டு முறை சொன்னேன்.

"பாதி தூரம் வந்தாச்சு. பாண்டி ஆடற மாதிரி ஜாலியா கீது அண்ணி, நடங்க."

பாலத்தின் கடைசியில் ஒருவர் மட்டும் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஏதோ கத்தினார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, ஒன்றும் கேட்கவில்லை. நாத்தனார் அவருக்குப் பதிலுக்குக் கையாட்டினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நனைந்த அட்டைப்பெட்டியை மிதித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். மரம் முறிகிற சத்தம் மாதிரியே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். வலது கால் தொடை வரை பலகைக்குள் போயிருந்தது. இடது முழங்கால் மடங்கி முன் பலகையில் குத்தியிருந்தது. இரண்டு கையையும் விரித்துப் பலகையைப் பிடித்திருந்தாள். கீழே சந்து வழியாகப் பார்த்தேன். அவள் கால் காற்றில் தொங்கியது. செருப்பு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

அந்தப் பலகையில் வட்டம் இல்லை. அதில் நானும் கால் வைத்துத்தான் தாண்டியிருந்தேன். என்னைத் தாங்கிய பலகை அவளைத் தாங்கவில்லை.

"அண்ணி" என்றாள் மெதுவாக. "வட்டம் இல்லியே இதுல."

அவளை மேலே இழுக்கப் போனேன். "வேணாம், குத்துது, குத்துது" என்று அலறினாள். முறிந்த மரத்தின் கூர்முனைகள் கீழ் நோக்கித் திரும்பி அவள் தொடையைக் கவ்வியிருந்தன. இழுத்தால் கிழியும். விட்டால் அடுத்த பலகையும் முறியலாம்.

தூண்டில்காரர் வந்துவிட்டார். ஓடாமல், வேகமாக, ஒரே அளவு எட்டு வைத்து வந்தார். அவர் கால் எங்கே விழுகிறது என்று அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு எட்டும் வட்டத்தின் மேல்.

"ஏம்மா, அதான அங்கேர்ந்து கத்தறேன்! வட்டம் போட்டதுதாம்மா புது போல்ட்டு போட்டு முடுக்கினது. மத்ததுல எது தாங்கும், எது ஊத்திக்கும்னு எங்களுக்கே தெரியாது. குதிச்சிக் குதிச்சி வட்டத்த விட்டுட்டு வர்றீங்க, வெளையாடறீங்கன்னு நெனச்சேன்."

என்னைப் பார்த்தார். "மொதல்ல நீ நிக்கற பலகைய விட்டு எறங்கு. பக்கத்து வட்டத்துல ஏறு. நீ அந்தாண்ட கைய பிடி, நான் இந்தாண்ட."

பக்கத்துப் பலகையில், ஒரு சாண் தூரத்தில் அந்த வட்டம் இருந்தது. ஒரு எட்டுதான். கால் எழவில்லை. அவர் சொன்னது எனக்குப் புரிந்தது, உண்மை என்றும் தெரிந்தது. ஆனாலும் உடம்பு மறுத்தது. பதினேழு வருடமாக ஒரு நாளைக்கு எத்தனை வட்டம் போட்டிருப்பேன், ஒன்றின் மேலும் யாரையும் அச்சு வைக்க விட்டதில்லை. நான் நடுங்கியதில் என் பலகையும் ஆடியது, அதனால் அவளும் ஆடினாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். ஒரு கையால் எடுத்துப் பார்த்தாள். மணலில் உட்கார்ந்திருந்த அவள் அண்ணன்.

"இன்னா, அங்கயே குந்திட்டீங்க ரெண்டு பேரும்?" அவர் குரல் எனக்கும் கேட்டது.

"கடல் பாக்கறோம்ணா" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "இங்க காத்து ஜாஸ்தி, அப்புறம் பேசறேன்."

தூரத்தில் மணலில் அவர் எழுந்து நின்று துண்டை ஆட்டினார். "கைய ஆட்டுங்க அண்ணி" என்றாள். "இல்லன்னா அண்ணன் முட்டிய இழுத்துக்கிட்டு வந்துடும். அதுவும் வட்டத்த விட்டுட்டுத்தான் வரும்."

அவரும் இருபது வருடம் தோல் பதனிடும் இடத்தில் இருந்தவர். நான் கையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே அந்த வட்டத்தின் மேல் காலை வைத்தேன். பலகை தரை மாதிரி அசையாமல் நின்றது.

தூண்டில்காரர் முறிந்த கூர்முனைகளைக் குதிகாலால் கீழே மிதித்துத் தள்ளினார். "இப்ப" என்றதும் இருவரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். மூன்றாவது முறை கால் வெளியே வந்தது. தொடையிலிருந்து முட்டி வரை தோல் உரிந்து ரத்தம். எலும்பு முறியவில்லை. அவளை வட்டத்தின் மேல் உட்கார வைத்தோம்.

"நம்ம கம்பெனி செருப்பு போச்சே அண்ணி" என்றாள். "எக்ஸ்போர்ட் பீஸ்."

திரும்பி வந்தோம். முன்னால் தூண்டில்காரர், நடுவில் அவள், பின்னால் நான். வட்டத்திலிருந்து வட்டத்துக்கு நூற்று நாற்பத்தோரு எட்டு. ஒவ்வொரு எட்டிலும் கண்ணை மூடத் தோன்றியது. கால் வைத்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

கரையில் கணவர் ரத்தத்தைப் பார்த்துப் பதறினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நான்தாண்ணா பராக்கு பாத்துக்கிட்டு கால வச்சிட்டேன்."

"பின்ன? உங்க அண்ணி பின்னாலயே ஒழுங்கா போயிருந்தா ஆயிருக்குமா?" என்று அவர் அவளைத் திட்டத் தொடங்கினார். மருத்துவமனையில் ஊசி போடும்போதும் திட்டினார், கட்டுப் போடும்போதும் திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். நான் மருந்துச் சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்தேன்.

ஊர் திரும்பும் பகல் பஸ்ஸில்தான் சொன்னேன். அவள் ஜன்னலோரம் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "அவ பராக்கு பாக்கல. நான் கால் வச்ச பலகைலதான் வச்சா. வட்டத்துல கால் வைக்காதன்னு நான்தான் சொன்னேன்" என்று முழுவதையும் கணவரிடம் சொன்னேன்.

"நானா இருந்தாலும் அப்டித்தான் நெனச்சிருப்பேன்" என்றார். பிறகு, "அப்ப அவ ஏன் எங்கிட்ட பொய் சொன்னா?"

தோளில் சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "அண்ணிய நீ திட்டினா நாளைக்கி எனக்கு எவ வட்டம் போடுவா? கம்முனு வாண்ணா, தூக்கம் கெடுது."

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் என் டைரியில் அன்றைய பக்கத்தில் நேரங்களை எழுதினேன். பலகைகளை வரிசையாகக் கோடு போட்டு வரைந்து, எது வட்டம், எது இல்லை என்று நினைவிலிருந்து குறித்தேன். அடியில், டீக்கடையில் ஆறு நிமிடம் இருந்தது, கேட்கவில்லை என்று எழுதினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். இன்னும் கொஞ்சம் நொண்டல் இருந்தது. நான் பிரித்து அனுப்பிய முதல் தோலை மேசையில் போட்டு, எப்போதும் போல வட்டத்தை மட்டும் பார்த்து, வெளியே அச்சை வைத்தாள். நான் எழுந்து போய் அந்தத் தோலைத் திரும்ப ஒரு முறை தடவிப் பார்த்தேன்.

"இன்னா அண்ணி, உங்க கண்ணு மேல உங்களுக்கே சந்தேகமா?"

சாயங்காலம் நெடுஞ்சாலையில் நின்றோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். நான் வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன், மறுபடி வலப்பக்கம் பார்த்தேன். வழி விட்டிருந்தது. ஆனாலும் நின்றேன். பின்னால் திரும்பி, "நீயும் ஒரு தடவ பாரு" என்றேன்.

"நீங்க பாத்துட்டீங்க இல்ல, நடங்க" என்றாள். அவள் என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று லாரிகளை விட்டேன். பிறகு, அவள் இருக்கும் பக்கம் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சாலையில் காலை வைத்தேன்.