துணிக்கடை வாசலில் உடைத்த பூசணிக்காய்

ஆடி அமாவாசை அன்று சாயங்காலம் நான் திருமயம் கடைவீதியில் வழுக்கி விழுந்தேன். எந்தக் கடை வாசலில் விழுந்தேன் என்று ஊருக்கே தெரியும். எதனால் விழுந்தேன் என்பதும் தெரியும். அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். லைனிங் துணி, நூல், ஹூக் எல்லாம் அந்தத் துணிக்கடையில்தான் பல வருஷமாக வாங்குகிறேன். முதலாளி என்னைவிட இளையவர்; 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அங்கே பட்டுச்சேலை எடுக்கிறவர்கள் ஜாக்கெட் எங்கே தைக்கலாம் என்று கேட்டால் என் வீட்டைக் கைகாட்டி விடுவார். எனக்கு வரும் கல்யாணத் துணியில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான்.

அன்று கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கூட்டம் கூடினால் கண் படுமே! அதனால் வழக்கத்தைவிடப் பெரிய பூசணிக்காயாகப் பார்த்து, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, சூடம் கொளுத்திச் சுற்றி, வாசலிலேயே போட்டு உடைத்திருந்தார்கள். அந்த வாசலில் பைக் ஏற்றுவதற்காகப் பளபளவென்று டைல்ஸ் பதித்த சரிவு ஒன்று உண்டு. சாதாரண நாளிலேயே அது வழுக்கும். அன்று அதன்மேல் பூசணிச் சதை, விதை, குங்குமத் தண்ணீர். எனக்கு முன்னால் ஒரு குடும்பமே அடைத்துக்கொண்டு ஏறியதால் கீழே என்ன கிடக்கிறது என்று தெரியவில்லை. கால் வைத்ததுதான் தெரியும். வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

கடையில் வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். தூக்கத்தான் வருகிறார்கள் என்று இடது கையை நீட்டினேன். ஒருத்தி எட்டவே நின்றுவிட்டாள்.

"ஐயய்யோ, திருஷ்டிப் பூசணிக்காய மிதிச்சுட்டாங்களே!"

மற்றவள் உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினாள். கை முறிந்து கிடக்கிறவளுக்குக் காலைக் கழுவிவிடும் வைத்தியத்தை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் என்னைத் தொட்டுத் தூக்கினார்கள்.

சரி, தூக்கியபின் அந்தச் சதையையாவது ஒதுக்கித் தள்ளினார்களா? இல்லை. கழித்துப் போட்டதைக் கடைக்காரர்கள் தொடக்கூடாதாம். தொட்டால் கழித்த திருஷ்டி திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளுமாம். விடிந்து துப்புரவுப் பணியாளர் வந்து அள்ளும்வரை அது அங்கேயேதான் கிடக்கும். அவருக்கு ஒட்டினால் யாருக்கும் கவலை இல்லை போலிருக்கிறது. நான் ஆட்டோவில் ஏறும்போது அடுத்த கூட்டம் அதைத் தாண்டித் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

புதுக்கோட்டையில் பிளேட் வைத்துக் கட்டுப் போட்டார்கள். கத்தரிக்கோல் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். ஆவணி முகூர்த்தங்களுக்கு வாங்கி வைத்திருந்த துணிகளை வெட்டாமலே திருப்பிக் கொடுத்தேன். தீபாவளித் துணியும் கைவிட்டுப் போயிற்று. விரல் பழையபடி மடங்குமா, மடங்காவிட்டால் எதைச் செய்து பிழைப்பது என்று எனக்குப் பயம்.

விசாரிக்க வந்தவர்கள் சாத்துக்குடியோடு ஆளுக்கொரு கேள்வியும் கொண்டுவந்தார்கள். என்ன செருப்புப் போட்டிருந்தாய்? கீழே பார்த்து நடக்கக் கூடாதா? உனக்கு ஏழரைச் சனி நடக்கிறதா? செருப்பு, கண், சனி பகவான் என்று வரிசையாகக் குற்றவாளிகளைப் பிடித்தார்கள். பூசணிக்காயை உடைத்தவரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்க" என்றார். தையல்காரிக்கு வலது கை தலைப்பாகையா?

என் தம்பி ஒருவன்தான் நியாயம் பேசினான். "கடைக்கு வர்றவங்க கால் வைக்கிற எடத்த ஒழுங்கா வச்சுக்கிறது அந்த ஆளு பொறுப்புக்கா. நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போடுவோம்." வளைகுடாவில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் வீடியோ காலில் சொன்னேன். "அந்த ஆளப் பகைச்சுக்காத. ஒனக்குத் துணி எங்கிட்டிருந்து வருதுன்னு யோசிச்சுப் பாரு" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மையாக இருந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் முதலாளியும் வந்தார். அவர் கையிலும் சாத்துக்குடிப் பை.

"நேரம் சரியில்லக்கா" என்று ஆரம்பித்தார்.

"யாருக்கு?" என்றேன்.

அவர் காப்பியை ஆற்ற ஆரம்பித்தார்.

"தம்பி, ஒங்க கடைத் திருஷ்டிய நீங்க கழிச்சு வாசல்ல போட்டீங்க. நான் அதுல விழுந்து கெடக்கேன். தப்பு எங்க மேலதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

"ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாச்சும்..."

"செலவக் கேக்கல."

நான் கேட்டது அந்த ஒரு வார்த்தையை. அதை மட்டும் அவரால் கொடுக்க முடியவில்லை. "இனிமே நம்ம வாசல்ல ஒடைக்க மாட்டோம்க்கா, சரியா?" என்று எழுந்து போய்விட்டார். காரியக்காரர்.

கார்த்திகை பிறந்தபோது கை ஓரளவு வசத்துக்கு வந்தது. குடுமியான்மலையிலிருந்து வழக்கமாக என்னிடம் தைக்கும் ஓர் அம்மா மட்டும், தையில் நடக்கவிருந்த மகள் கல்யாணத்துக்கு முகூர்த்த ஜாக்கெட்டை வேறு யாரிடமும் கொடுக்காமல் எனக்காகக் காத்திருந்தார். "ஒங்க கை சரியாகட்டும்க்கா, நீங்கதான் தைக்கணும்" என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து உட்கார்ந்தேன். அந்த ஜாக்கெட் நன்றாக அமைந்தால் பழைய வாடிக்கை எல்லாம் திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

அந்தப் பட்டு ஜாக்கெட்டுக்கு லைனிங் பார்க்க நானும் அந்த அம்மாவும் கடைக்குப் போனோம். அன்று கார்த்திகை அமாவாசை என்பது அங்கே போனபிறகுதான் உறைத்தது. முதலாளி கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார். அவர் வாசலில் ஒரு விதைகூட இல்லை. நாலடி தள்ளி, பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்குகிற இடத்தில் உடைத்துப் போட்டிருந்தார்கள்! போதாததற்குத் தூறல் வேறு.

நாங்கள் நிற்கும்போதே பஸ் வந்தது. இடுப்பில் குழந்தையோடு இறங்கிய ஒரு பெண் அதில் கால் வைத்துச் சறுக்கி, எப்படியோ கம்பியைப் பிடித்துத் தொங்கி நின்றாள். குழந்தை வீறிட்டது. "பாத்து எறங்கும்மா!" என்று கண்டக்டர் அவளைத்தான் அதட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று கடைக்குள் போய்க் கதவுக்குப் பின்னாலிருந்த விளக்குமாற்றை எடுத்துவந்து கூட்ட ஆரம்பித்தேன். வலது கைக்கு இன்னும் அந்தப் பலம் இல்லை. இடது கையால்தான் கூட்டினேன்.

முதலாளி படியில் நின்று பதறினார். "அக்கா, தொடாதீங்க! ஒட்டிக்கும்!"

"இனி ஒட்டுறதுக்கு என்ன பாக்கி இருக்கு?" என்று கத்தினேன்.

அப்போது பின்னாலிருந்து கல்யாணப் பெண்ணின் அம்மா மெதுவாகக் கேட்டார். "இதக் கூட்டுன கையாலயாக்கா எம் பொண்ணு ஜாக்கெட்ட வெட்டுவீங்க?"

அதில் குத்தல் இல்லை, பயம்தான் இருந்தது. கூட்டுவதை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

முதலாளி படியிறங்கி வந்தார். "இங்கிட்டுக் குடுங்க" என்று விளக்குமாற்றை வாங்கினார். கடைப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மிச்சம் கிடந்த சதையையும் விதையையும் அவரே கூட்டி அள்ளினார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஒடைச்சது நானுங்க. அதுல விழுந்துதான் அக்காவுக்குக் கை போச்சு. தப்பு எம் மேலதான். கூட்டுனதும் நாந்தான், அவங்க இல்ல."

கடைசியில் சொன்னது பொய். ஆனாலும் ஆடியிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை நடுக் கடைவீதியில் வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். லைனிங் துணியை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு வாரேன்க்கா" என்று துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

தையில் பத்திரிகை வைத்து அழைத்தார்கள். போயிருந்தேன். ஜாக்கெட்டைத் திருச்சியில் கொடுத்துத் தைத்திருந்தார்கள். பெண் மணவறையில் குனிந்தபோதெல்லாம் முதுகுப் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.