அண்ணி நடத்திய பந்தி

கரும்பச்சை யூனிஃபார்ம் சேலையை மடிப்புக் கலையாமல் கட்டி, தோளில் சின்ன பேட்ஜ் ஒன்றைக் குத்திக்கொண்டு அண்ணி முதன்முதலாக வேலைக்குக் கிளம்பிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா சமையலறை வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "தெருமுனை வரைக்கும் மேல ஒரு துண்டப் போத்திக்கிட்டுப் போயேம்மா" என்றாள். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே, "வெயில் கொளுத்துது அத்தை" என்று சொல்லிவிட்டு, எதையும் போர்த்திக்கொள்ளாமல் தெருவில் இறங்கி நடந்தாள். நான் கல்லூரிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சேலையூர்க் காலனியின் அத்தனை ஜன்னல்களும் எங்களையே பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது. அண்ணியின் நடையில் ஒரு மாற்றமும் இல்லை.

எங்கள் அப்பா தலைமையாசிரியராக இருந்தவர். அவர் போன பிறகும் காலனியில் எங்கள் வீட்டுக்கு 'ஹெச்.எம். வீடு' என்றுதான் பெயர். அண்ணன் பம்மலில் ஒரு தோல் பொருள் பட்டறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டர்கள் குறைந்து அந்தப் பட்டறையை மூடியபோது, பி.காம். படித்திருந்த அண்ணி வேலை தேடக் கிளம்பினாள். இரண்டு மூன்று அலுவலகங்களில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்க உக்கார சேர் குடுப்பாங்க, குடும்பம் நடத்த சம்பளம் குடுக்க மாட்டாங்க" என்று சொன்னாள். அவள் கடைசியில் சேர்ந்தது ஒரு கல்யாணக் கான்ட்ராக்டரிடம். மண்டபங்களில் பந்தி பரிமாறும் பெண்கள் குழுவுக்கு மேற்பார்வை பார்க்கும் வேலை. ஆள் குறைந்தால் அவளும் வாளி தூக்க வேண்டும். அம்மாவுக்கு இதை ஜீரணிக்க முடியவில்லை. உறவுக்காரர்கள் கேட்டால், "கேட்டரிங் கம்பெனி ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆனால் அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்த கதைகள் எனக்குச் சினிமாவைவிடச் சுவாரஸ்யமாக இருந்தன. ஒரு வரிசையின் கடைசியில் நின்றபடியே யாருக்கு ரசம் வேண்டும், யார் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, சாதம் வைப்பவளுக்கும் சாம்பார் ஊற்றுபவளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தால் சாதம் ஆறாது என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் குழுவில் ஒரு பழக்கத்தை மாற்றிவிட்டாள். பரிமாறுபவர்கள் எல்லாப் பந்தியும் முடிந்து, மிஞ்சியதைச் சாப்பிடுவதுதான் அதுவரை நடைமுறை. அண்ணி கான்ட்ராக்டரிடம் போய், முதல் இலை போடுவதற்கு முன்னால் தன் பெண்கள் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். "பசியோட நிக்கிறவங்க முகத்துல சிரிப்பு எங்கேர்ந்து சார் வரும்?" என்று கேட்டதும் அவர் ஒத்துக்கொண்டுவிட்டாராம். அந்த வருடத்துக்குள் அண்ணன் பட்டறையில் வாங்கிக்கொண்டிருந்ததைவிட அண்ணி அதிகம் சம்பாதித்தாள். என்னுடைய கடைசி இரண்டு வருடப் படிப்பு அவளுடைய சம்பளத்தில்தான் முடிந்தது.

இவ்வளவும் நடந்த பிறகும் அம்மா உறவினர்களிடம் சொல்லிவந்ததை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்ற வேண்டிய நாள், தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெரியம்மாவுடைய பேத்தியின் கல்யாணத்தில் வந்தது. முடிச்சூர்ப் பக்கம் ஒரு மண்டபம். ஐப்பசி மழை முந்தின நாளிலிருந்தே விடாமல் பெய்துகொண்டிருந்தது. நானும் அம்மாவும் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் கரும்பச்சைச் சேலைகள் தெரிந்தன. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "இவ இங்கேயா வந்திருக்கா? சொல்லவே இல்லையே" என்றாள். எனக்கும் தெரியாது. இங்கே பரிமாற வேண்டிய குழு மழையில் வர முடியாமல் போனதால் விடியற்காலையில்தான் கான்ட்ராக்டர் அண்ணியை இங்கே மாற்றிவிட்டிருக்கிறார். அம்மா மாடியேறி, முகூர்த்த மேடைக்கு எதிரே யார் கண்ணிலும் படாதபடி ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

தாலி கட்டி முடித்து, அட்சதை போட்ட கைகள் இறங்குவதற்குள் கீழேயிருந்து சத்தம் கேட்டது. நான் படியில் ஓடிப் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்துக்குள் செம்மண் நிறத்தில் தண்ணீர் நுழைந்துகொண்டிருந்தது. அண்ணியின் குழுவில் பம்மலிலிருந்து வரும் ஓர் அக்கா, போட்டிருந்த இலைகளை இரண்டு கையாலும் வாரிக்கொண்டே, "அக்கா, தண்ணி வந்துகினே கீது. இன்னா பண்றது?" என்று கத்தினாள். பெண்ணின் அப்பா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரையும் பசியோடு திருப்பி அனுப்ப நேருமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. கான்ட்ராக்டரோ தண்ணீருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி ஒருமுறை சமையல் கொட்டகையைப் பார்த்தாள். அது மேடான இடம், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பிறகு மாடியைப் பார்த்தாள். பெண்ணின் அப்பாவிடம் போய், "சார், பந்தி மேல முகூர்த்த ஹால்ல நடக்கும். ஆம்பளைங்க நாலு பேரை டேபிள் தூக்க மட்டும் அனுப்புங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றாள். கரண்ட் இல்லாததால் லிஃப்ட் இல்லை. அவளுடைய பெண்கள் படிக்கட்டில் ஆளுக்கு ஓர் இடமாக நின்றுகொண்டார்கள். சாம்பார் வாளியும் சோற்றுக் குண்டானும் பாயசத் தூக்கும் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறி, ஒரு சொட்டுச் சிந்தாமல் மேலே ஏறி வந்தன. சற்று முன்னால் தாலி கட்டிய கூடம், கண்ணெதிரே சாப்பாட்டுக் கூடமாக மாறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா முன்னால் வந்தார். முதல் பந்தியில் தனக்கு இடம் இல்லையா என்று கேட்டார். வயதானவர்களையும் குழந்தைகளையும் முதலில் உட்கார வைத்திருப்பதாக அண்ணி சொன்னாள்.

"பரிமாற வந்தவ எனக்கு ரூல்ஸ் சொல்றியா? உன் முதலாளியக் கூப்பிடு. உன்கிட்ட எனக்கென்ன பேச்சு?"

மூலையிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். அவள் நடந்து வந்த வேகத்தில் நானே பயந்துபோனேன்.

"அவ என் மருமக. இன்னைக்கு இங்க எல்லாத்துக்கும் அவதான் பொறுப்பு. பேசறதுன்னா அவகிட்டதான் பேசணும்" என்றாள். அதைக் கேட்டுத் திரும்பிய முகங்களில் பாதி எங்கள் உறவினர்களுடையவை. அம்மா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை.

அண்ணி அம்மாவின் தோளை மெல்லத் தொட்டாள். "நீங்க உக்காருங்க அத்தை. இது என் வேலை, நான் பேசறேன்" என்றவள், பெரியப்பாவிடம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை. "ரெண்டாவது பந்தியில முதல் இலை உங்களுக்குத்தான் ஐயா. நானே பரிமாறறேன். ஆனா என்கிட்டயும் எங்க பொண்ணுங்ககிட்டயும் மரியாதையா பேசுங்க."

அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அம்மா மட்டும் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். மழையில் பாதிப் பெண்கள் வந்துசேர முடியாததால் ஆள் பற்றவில்லை என்பது அவளுக்கே புரிந்துவிட்டது. "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். அண்ணி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு, தலைக்கு இந்தத் தொப்பிய மாட்டிக்கிட்டு வாங்க. அப்பளம் உங்க பொறுப்பு. உடைஞ்சத இலையில வைக்காதீங்க." ஹெச்.எம். வீட்டு அம்மாள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் வலைத்தொப்பியோடு வரிசையில் இறங்கினாள். என் கையில் தண்ணீர் ஜக்கைத் திணித்தார்கள். அண்ணி தூரத்திலிருந்து விரலைக் காட்டினால் போதும், எந்த இலைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். வெளியே மழை கொட்ட, உள்ளே பந்தி மேல் பந்தியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக அதுவரை எந்தக் கல்யாணத்திலும் இருந்ததில்லை.

இரண்டாவது பந்தியில் அந்தப் பெரியப்பாவுக்கு அண்ணியே பரிமாறினாள். மோர் வருவதற்கு முன்னால் அவர் தலையை நிமிர்த்தாமல், "பாயசம் இன்னும் கொஞ்சம் வைங்கம்மா" என்றார். பம்மல் அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். "வைங்களாம்" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று யாரும் பசியோடு போகவில்லை. பெண்ணின் அப்பா, தண்ணீர் வடிந்த பிறகு வந்துசேர்ந்த கான்ட்ராக்டரிடம் அண்ணியைப் பற்றித்தான் பேசிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு மண்டபம் பதிவு செய்பவர்கள் அண்ணியின் குழு வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அடுத்த கல்யாணக் காலத்தில் அண்ணி தனியாகத் தொழில் ஆரம்பித்தாள். அண்ணன் வண்டியும் கணக்கும் பார்த்துக்கொண்டான். பம்மல் அக்கா இப்போது இரண்டாவது குழுவுக்குத் தலைவி. பெருங்களத்தூரில் வாங்கிய வீட்டின் பத்திரத்தில் அண்ணியின் பெயர்தான் இருக்கிறது. தொலைபேசியில் முன்பதிவுகளை எடுப்பவள் அம்மா.

நான் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். போன வாரம் என் டீம் லீட், தன் தங்கையின் கல்யாணத்துக்கு நல்ல பரிமாறும் குழு தெரியுமா என்று கேட்டார். எண்ணைக் கொடுத்துவிட்டு, "எங்க அண்ணிதான் சார் நடத்தறாங்க" என்றேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உரக்கவே வந்திருக்க வேண்டும், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் அவர் காபியோடு என் இடத்துக்கு வந்தார்.

"பேசினேன். உங்க அம்மாதான் எடுத்தாங்க. தை மாசம் முழுக்க ஒரு நாள்கூட இல்லையாம்."

"அப்ப வேற ஆள் விசாரிக்கட்டுமா சார்?"

"வேணாம். மாசி பத்தாம் தேதி ஒண்ணு காலியா இருக்குன்னாங்க. மாப்பிள்ளை வீட்ல முகூர்த்தத்த மாத்தச் சொல்லிப் பேசிட்டிருக்கோம்" என்றார்.