பூ என்று எழுதிய சாட்சி

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் நெருப்பை நெருப்பு என்று சொல்ல மாட்டோம். பூ என்போம். பூ மிதிக்கிறான், பூவில் இறங்குகிறான் என்றுதான் பேச்சு. பாகூர் பக்கத்து ஆளுக்கு இது விளங்கும். பட்டாளத்து மெடிக்கல் போர்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி விளங்கும்?

நான் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். ஊரில் எனக்குப் பெயரே மிலிட்டரிதான். பனிமலையில் காவல் இருந்த ஒரு குளிர்காலத்தில் இரண்டு காலிலும் விரல்கள் கறுத்துப்போயின. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். தோல் உரிந்து புதுத்தோல் வந்ததும் குணமாகிவிட்டது என்று எழுதி, மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள். பாதம் மட்டும் பழையபடி ஆகவில்லை. காலுக்கும் தரைக்கும் நடுவே சாக்கு விரித்ததுபோல இருக்கும். வலித்தால் டாக்டரிடம் சொல்லலாம். வலிக்கவே இல்லை என்று யார் போய்ச் சொல்வார்கள்?

ஊர் திரும்பி நாலைந்து வருஷம் கழித்து சர்க்கரை வந்தது. பிறகு பாதத்தில் புண். ஆறும், மறுபடி வெடிக்கும். இடது காலில் ஒரு விரலை எடுத்தார்கள். திருபுவனையில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்தேன், அதற்கும் போக முடியவில்லை. ஊனப் பென்ஷனுக்கு எழுதிப்போட்டேன். கால் மரத்தது சர்க்கரையால், ராணுவப் பணியால் அல்ல என்று தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு செய்தோம். போர்டு இன்னொரு முறை பார்க்கும் என்று தேதி வந்தது.

எனக்கு மனு எழுதிக் கொடுத்தவரும் பட்டாளத்துக்காரர்தான். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "சுகர் வர்றதுக்கு முன்னாடியே கால் மரத்துருந்துச்சின்னு பாத்த ஆளு யாராச்சும் இருக்காங்களா? இல்லன்னா இதுவும் போயிடும்ங்க."

ஒருவர் இருந்தார்.

பட்டாளத்திலிருந்து வந்த முதல் வருஷமே காப்புக் கட்டி, விரதம் இருந்து பூவில் இறங்கினேன். உயிரோடு ஊர் திரும்பியதற்கான வேண்டுதல். மற்றவர்கள் விறுவிறுவென்று கடந்தார்கள். நான் வரப்பில் நடப்பதுபோல மெல்ல நடந்தேன். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூ தாண்டியதும் கால் நனைக்கிற பால் குழியில் ஒரே நெரிசல். அதில் இறங்காமல் ஓரமாக ஏறி நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். கோயில் தர்மகர்த்தா வந்து என் தோளை அழுத்திப் பிடித்தார். அவருக்குச் சதை கருகும் வாடை அடித்திருக்கிறது. என் விரலிடுக்கில் ஒரு கங்கு சிக்கியிருந்தது. நான் அதோடுதான் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். துண்டால் தட்டிவிட்டு என் காதில் சொன்னார்: "வாயத் தொறக்காத. கால மூடிகினு வூட்டுக்குப் போ."

பூ சுட்டால் விரதத்தில் குறை என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஆஸ்பத்திரியில் என் மனைவி வெந்நீர் கொட்டியது என்று சொல்லிவிட்டாள். நான் குறை வைக்கவில்லை. அது அம்மன் தாய்க்கும் தெரியும். தெரிந்தும் ஏன் சுட்டாள் என்று கேட்டுக் கேட்டு, அதன்பின் கொடிமரம் தாண்டி நான் உள்ளே போனதில்லை.

தர்மகர்த்தாவை மாமா என்றுதான் கூப்பிடுவேன். நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"எங்க பெரியப்பா பிரெஞ்சுக்காரன் இங்க ஆண்டப்ப அவன் பட்டாளத்துல சொல்தாவா இருந்தாரு. கடைசி வரிக்கும் பிரான்சுக்காரன் ஒரு கேள்வி கேக்காம பென்ஷன் அனுப்புனான். உனுக்கு மட்டும் இன்னாத்துக்குடா சாட்சி?"

"அவுங்களுக்கு பிரான்சு குடுத்துது மாமா," என்றாள் மனைவி. "எங்களுக்கு நீங்க வாயத் தொறந்தாதான் குடுப்பாங்க."

"தொறந்தா கோயில் பேரு இன்னாவும்? நம்ம கோயில் பூ ஒருத்தன சுட்டுச்சின்னு நான் கையெழுத்துப் போடறதா? இவன் சுத்தமில்லாம எறங்குனான். மானம் போவக் கூடாதுன்னு நான் மூடி வச்சேன். இப்ப நீங்களே போட்டு ஒடைக்க வந்துகிறீங்க."

அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திரு, போவலாம்."

நான் எழுந்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றி, வலது காலை எதிரே இருந்த ஸ்டூலில் வைத்தேன். "மாமா, நான் கண்ண மூடிக்கிறேன். நீங்க தொடுங்க. தொட்டவொடனே சொல்றேன்."

"உன் கால நான் தொடணுமா?"

"உங்களத்தான் கேக்கறேன். வேற யாருகிட்ட போவேன்?"

கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலி கிறீச்சிட்டது. அவர் மூச்சு வாங்குவது கிட்டத்தில் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார் என்று நினைத்தேன். தாயே, இந்த ஒரு தரம் கைவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"மாமா, தொடுங்க," என்றேன்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன்.

"தொடலன்னா பரவால்ல. கால எடுத்துடட்டா?"

மனைவி விசும்புவது கேட்டுக் கண்ணைத் திறந்தேன். அவர் தரையில் குந்தியிருந்தார். அவருடைய கட்டைவிரல் நகம் என் பாதத்தில் அழுந்திப் பதிந்திருந்தது. கையை எடுத்ததும் அந்த இடத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம்.

"எப்பலேர்ந்துடா இப்படி?"

"பனியிலேர்ந்து மாமா."

"அப்ப அன்னிக்கு..."

"அன்னிக்கும் இதேதான்."

எழுதிக் கொடுத்தார். ஆனால் நெருப்பு என்றோ சுட்டது என்றோ எழுத மறுத்துவிட்டார். "அந்த வார்த்த மட்டும் என் கையில வராதுடா. நானும் காப்புக் கட்றவன்." பூ மிதித்தபோது என் விரலில் காயம் பட்டதென்றும், நான் அதை உணராமல் நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் எழுதினார். சென்னையில் ஒருவர் அதை இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தார். எழுதியிருந்ததை அப்படியே அடித்திருக்கிறார்.

போர்டில் நடுவில் இருந்த டாக்டர் வடக்கத்திக்காரர். காகிதத்தை இரண்டு முறை படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. இந்தியில் கேட்டார்: "பூவை மிதித்தால் எப்படிக் காயம் ஆகும்? விளையாடுகிறீர்களா?"

வருஷக்கணக்காகச் சொல்லாத சொல். சொல்லாவிட்டால் இதோடு முடிந்தது. சொன்னால் தாயைக் குற்றம் சொன்னதாகிவிடும். பட்டாளத்தில் பேசிய இந்தியில்தான் கடைசியில் வந்தது.

"ஆக், சாப்." நெருப்பு, ஐயா.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விரதம், கங்கு, வாடை, வெந்நீர் என்று சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. டாக்டர் எழுந்து வந்தார். விரலிடுக்கில் இருந்த பழைய தழும்பை விரித்துப் பார்த்தார். சர்க்கரை எப்போது வந்தது என்று கேட்டு, அதன் முதல் ரிப்போர்ட்டை வாங்கி, வெந்நீர்க் காயம் என்று எழுதியிருந்த பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போகலாம் என்றார்கள்.

உத்தரவு வர மாசங்கள் ஆயின. தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள். கடைசியில் வந்தது. பாதத்தின் கேடு பணியால் வந்ததே என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் கொண்டுபோய் அம்மன் படத்தடியில் வைத்தாள்.

அந்த வருஷக் காப்புக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன். தர்மகர்த்தா என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

"கால்ல உணர்ச்சி இல்லன்னு கவர்மெண்டுகிட்ட எழுதி வாங்கிட்டு பூவுல எறங்கறியா? நான் விட மாட்டேன்."

"நல்லா சொல்லுங்க மாமா," என்றாள் மனைவி பின்னாலிருந்து.

எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் ஒரு டார்ச் லைட்டையும் இடுக்கியையும் என் கையில் கொடுத்தார். பால் குழிக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார். பூவிலிருந்து ஏறி வருகிற ஒவ்வொருவரும் என் முன்னால் நின்று காலைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். விரலிடுக்கு விரலிடுக்காக நான் பார்த்து அனுப்பினேன்.