சின்னத்துரை பந்தோடு வந்த நாள்

ரக்பி விளையாட்டில் கடைசி ஆளாக நிற்பதுதான் என் வேலை. முன்னால் நிற்கிற பதினாலு பேரையும் தாண்டி எவனாவது பந்தோடு வந்தால், இடுப்பைக் கட்டிப்பிடித்துச் சாய்க்க வேண்டும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கை, பிடித்தால் விடாது. பழக்க ஆட்டத்தில் ஒருத்தனும் என்னைத் தாண்டிப் போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பிறகு நடந்ததற்காகச் சொல்கிறேன்.

எங்கள் கிளப்பைத் தொடங்கியவர் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர். கண்டியில் படித்தபோது ஆடியவராம். பந்தும் அவருடையதுதான், லிந்துலை சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டுப் போட்டுப் பூசணிக்காய் மாதிரி ஆகியிருந்தது. காலுக்குச் சப்பாத்து யாருக்கும் இல்லை. பந்தைப் பின்பக்கம்தான் எறியலாம் என்று அவர் சொன்னபோது, "அப்ப எப்பிடிங்க முன்னால போறது?" என்று கேட்டு ஒருவன் குட்டு வாங்கினான். வேலை முடிந்ததும் சாராயக் கடைப் பக்கம் போகாமல் பந்தாடப் போனோம்.

ஆடியது மேல்மட்டத்தில். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புல் வளர விட்டிருந்த இடம். நாங்கள் இலங்கைப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் சொன்ன காலம். படுக்கிற லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறைகூடத் தோட்டத்துக்குச் சொந்தம். அந்த மட்டத்தில் நின்றால் மட்டும் நம்முடைய இடம் என்று தோன்றும். அதிலும் புதுத் தேயிலைக் கன்று வைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. கிளாக்கர் போய்க் கேட்டபோது, தோட்டத்து உதவி மேனேஜர், தானும் ரக்பி ஆடுகிற சின்னத்துரை சிரித்தாராம். "எங்க டீமை ஜெயிக்கட்டும். பெரிய தொரைகிட்டச் சொல்லி இடத்தை விடச் சொல்றேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூறலில், துரைமார் பதினைந்து பேரோடு ஆடினோம். லயமே திரண்டு வந்து பார்த்தது. கும்பலாக மோதும்போது துரை யார், ஆள் யார் என்று பார்க்க நேரமில்லை, நன்றாகவே மோதினோம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். அப்போது சின்னத்துரை எல்லாரையும் பிய்த்துக்கொண்டு பந்தோடு வந்தார். எதிரே நான் மட்டும்.

தோட்டத்து ரோட்டில் துரை வந்தால் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, தலைச்சீலையை எடுத்துவிட்டு, அவர் போகும்வரை நிற்போம். நடக்கப் பழகியதிலிருந்து அப்படித்தான். அவர் நாலடி தூரத்தில் வந்தபோது என் கால் தானாக ஒதுங்கியது. கை தலைக்குப் போனது. அங்கே சீலைகூட இல்லை. அவர் என்னைக் கடந்து போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தார். அதற்கு மூன்று புள்ளி. தோற்றோம்.

எழுந்து வந்தவருக்குக் கோபம். "ஏன் புடிக்கல்ல நீ?" என்றார், தமிழிலேயே.

"தொரைங்க வந்தீங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

பயமில்லை. வெட்கம்கூட இல்லை. மனசு மரத்துப் போயிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அடுத்த மழைக்கு, காலைப் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்து வேலைக்கு ஆள் பிரித்தபோது, கிளப் பையன்கள் பாதிப் பேரை மேல்மட்டத்தில் கன்றுக்குழி வெட்ட அனுப்பினார்கள். வெட்டினோம். ஒருத்தனும் என்னைத் திட்டவில்லை. கிளாக்கரும் ஒன்றும் கேட்கவில்லை. எவனாவது சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

"ஏதாச்சும் பேசேன்டா" என்றேன் பக்கத்தில் வெட்டியவனிடம். எங்கள் அணியிலேயே முரடன் அவன்.

அவன் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"என்னத்தப் பேச? நான் நின்னிருந்தாலும் ஒதுங்கித்தான்டா இருப்பேன்."