தாய்மாமனுக்கு ஒரு வேன்

தொண்ணூறுகளின் தொடக்கம், ஒரு வைகாசி மாதம். அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் குடியிருந்தோம். என் கணவர் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தார். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு இரண்டு கால்களுமே நடக்க வராது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில் வீட்டு வாசலில் ஏறினால் கம்பெனி வாசலில்தான் இறங்குவார். எட்டாவது படித்த மகளுக்கு ஒரு சைக்கிள், ஐந்தாவது படித்த மகனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வரிசையாகக் கிளம்பினால் தெருவே வேடிக்கை பார்க்கும்.

கூமாப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்த என் நாத்தனார், தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். தாய்மாமன் என் கணவர்தான். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அதற்கு முன்னால் பிள்ளையார் கோயிலிலிருந்து வீடு வரை, மேளத்தோடு சீர்த்தட்டு ஊர்வலம்.

"என் சைக்கிளும் வேன்ல வரணும். தட்டுக்கு முன்னாடி நான் என் வண்டியிலதான் போவேன்" என்றார் கணவர்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனபோது சைக்கிளை விட்டுவிட்டுப் போனோம். நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அத்தோடு சரி, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டி வருமே, அதற்கு யாரைக் கூப்பிடுவது என்று. இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். நானும் அன்று பந்தியில் ஓடியாடிப் பரிமாறிக்கொண்டு, அவர் பக்கம் போகாமல் இருந்தவள்தான்.

அதனால் வேன் பார்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். தையல் டேப்பால் மூன்று சக்கர வண்டியை அளந்தேன். ஆறடிக்குக் கொஞ்சம் மேலே நீளம், மூன்றடி அகலம். கோடை விடுமுறை என்பதால் பிள்ளைகளும் தங்கள் சைக்கிள்களைக் கொண்டு போக ஆசைப்பட்டார்கள், தென்னந்தோப்புக்குள் ஓட்டலாம் என்று. ஆக, நாலு பேர், மூன்று வண்டிகள், சீர்த்தட்டுகள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வேன்கள் நிற்கும் இடத்துக்கு முதலில் போனேன். காதுகுத்து நாள் முகூர்த்த நாள் என்பதால் பெரும்பாலான வேன்களை முன்பே பேசிவிட்டார்கள். ஒரு பழைய வேன் மட்டும் யாரும் பேசாமல் நின்றது. பெயின்ட் உரிந்து, கதவு ஒரு பக்கம் ஒடுங்கிப் போயிருந்தது. அதை ஓட்டுபவர் நடுத்தர வயதுக்காரர், சிரிக்கவே தெரியாத முகம். விஷயத்தைச் சொன்னதும் ஆரம்பித்துவிட்டார்.

"அந்த சைக்கிள் எம்புட்டு அகலம்? மேல கட்ட மாட்டேன், பின் சீட்டக் கழட்டிட்டு உள்ளதான் வைக்கணும். அவிய தானா ஏறுவாகளா, தூக்கி ஏத்தணுமா? எந்தக் கையில வலு அதிகம்? எம்புட்டு ஒசரம் ஏறுவாக? வழியில எறங்கணும்னா எப்படி எறங்குவாக?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வேன் இருக்கான்னு கேட்டா, எங்க வீட்டுக்காரரப் பத்தி எதுக்கு இம்புட்டு விசாரணை?"

"கேக்காம எப்படிம்மா ஏத்துறது?" என்றார் அதே முகத்தோடு.

வாழ்நாள் முழுக்க என் கணவரை வேடிக்கைப் பொருளாகப் பார்த்தவர்களைக் கண்டு கண்டு எனக்குப் புளித்துப்போயிருந்தது. இவரும் அதில் ஒருத்தர் என்று நினைத்து, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒருவர் புது வேன் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வேன் பளபளவென்று இருந்தது. மேலே சாமான் கட்டப் பெரிய கேரியர், ஜன்னலுக்கு ஜன்னல் திரைச்சீலை. உரிமையாளரோ நாற்காலி போட்டு, காபி வாங்கிக் கொடுத்து, "மேடம், நீங்க கவலையே படாதீங்க. சாரை என் அண்ணன் மாதிரி கூட்டிட்டுப் போறேன். மூணு சைக்கிளும் மேல ஏறிரும்" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் சொன்ன அளவைக்கூடக் காதில் வாங்கினாரா தெரியாது. மனிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

காதுகுத்து அன்று காலை ஏழு மணிக்கு அவரே வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். பிள்ளைகளின் சைக்கிள்களை மேலே ஏற்றக் கயிற்றை எடுத்தார். வாசலில் என் கணவர் பட்டு வேட்டி கட்டி, தன் வண்டியில் தயாராக உட்கார்ந்திருந்தார். உரிமையாளர் அந்த வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இந்த வண்டி மட்டும் வேண்டாமே."

"ஏன்?"

"நல்ல காரியத்துக்குப் போறோம். இத மேல கட்டிக்கிட்டுப் போனா பாக்கிறவங்க ஆஸ்பத்திரிக்குப் போற வேன்னு நெனப்பாங்க. சாரை நானே பூ மாதிரித் தூக்கிட்டுப் போயி உக்கார வச்சிருதேன்."

குரலைத் தாழ்த்தினாரே தவிர, என் கணவர் நாலடி தூரத்தில்தான் இருந்தார். எல்லாம் கேட்டது. அந்த மனிதர் வந்ததிலிருந்து என் கணவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அன்னைக்கு மூணும் ஏறும்னு சொன்னீகளே, அப்ப தெரியலயா இது என்ன வண்டின்னு?" என்று கத்தினேன். அவரோ சிரிப்பு மாறாமல், "உங்க நல்லதுக்குத்தான் மேடம் சொல்லுதேன்" என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. தெருவில் நாலைந்து வீட்டுக் கதவு திறந்தது.

இத்தனை கத்திய நான் அடுத்து செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பத்தரைக்கு முகூர்த்தம், மணி ஏழே கால் ஆகிவிட்டதே என்ற பதற்றத்தில் கணவர் பக்கம் திரும்பி, "என்னங்க, இன்னைக்கு ஒரு நாள்தான? அங்க மச்சான்மார் இருக்காக, தூக்கிக்கிடுவாக" என்றேன்.

குரல் உயர்த்தாத மனிதர் அவர். அன்று உயர்த்தினார். "ஏட்டி, என்னையத் தூக்கிட்டுப் போயி அங்க எறக்கி வச்சா, நான் தாய்மாமனா, சீர்த்தட்டா?"

என் மகள் போய், வேன் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த தன் சைக்கிளைப் பிடித்து இழுத்து வாசலுக்கே கொண்டு வந்து நிறுத்தினாள். தம்பியின் சைக்கிளையும் அப்படியே. அதைப் பார்த்ததும் எனக்கு புத்தி வந்தது. "எடுங்கய்யா உங்க வேன" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் என்னென்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. வேன் போய்விட்டது.

பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். அந்தப் பழைய வேன் நின்றது. முதல் நாள் இரவே கல்யாண வீட்டு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தார் அந்த மனிதர், டீ குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"செத்த நேரம் இருங்க" என்று டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். எனக்கு அதற்கும் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். "அன்னைக்கு நான் கேட்டதுக்கு இன்னும் நீங்க பதில் சொல்லலயேம்மா" என்றார்.

பரீட்சைக்கு நிற்பவள் போலச் சொல்ல ஆரம்பித்தேன். அகலம் சொன்னேன், நீளம் சொன்னேன். எந்தக் கையில் வலு அதிகம் என்றபோது திக்கினேன். அடுத்து, எவ்வளவு உயரம் தானாக ஏறுவார்? கல்யாணமாகிப் பதினைந்து வருடம். எனக்குத் தெரியவில்லை.

"சரி, அவியகிட்டயே கேட்டுக்கிடுதேன்" என்று எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம் பேசவில்லை. நேராக என் கணவர் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, "அண்ணாச்சி, எப்படி ஏறுறீக? எந்தப் பக்கம் நான் புடிக்கட்டும்?" என்று கேட்டார்.

"புடிக்கவே வேண்டாம். கதவுக்குள்ள இருக்கிற கம்பி எனக்கு எட்டுற மாதிரி வேனக் கொஞ்சம் சாய்வா நிறுத்தி, படிகிட்ட ஒரு பலகை போடுங்க. நானே ஏறிக்கிடுவேன்" என்றார் கணவர்.

ஏறினார். இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது கையைப் பலகையில் ஊன்றி, இரண்டே எம்பலில் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பதினைந்து வருடமாக எந்த வண்டியில் ஏறுவதென்றாலும் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து நான்தான் அவரைத் தூக்கியிருக்கிறேன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல். பின் சீட்டைக் கழற்றிய இடத்தில் மூன்று சக்கர வண்டி, அதை ஒட்டிப் பிள்ளைகளின் சைக்கிள்கள், காலி சீட்டுகளில் தட்டுகள். எல்லாம் பொருந்தியது.

வழியில், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும், "தானா ஏற முடியும்னு ஏன் எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"நீ கேட்டதில்லயே" என்றார். அவர் குரலிலும் கோபம் இருந்தது.

கூமாப்பட்டி போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. நாத்தனார் தாமதத்துக்கு எங்களைத் திட்டித் தீர்த்தார். என் கணவரைத் தூக்குவதற்கென்றே இரண்டு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். "அவிய கேக்கட்டும், பொறவு கை வைங்க" என்று வேன்காரர் அவர்களை ஒதுக்கினார். மேளம் முன்னால் போக, என் கணவர் கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, அவருக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு, பின்னால் தட்டுகளோடு பெண்கள். அந்த வண்டியிலேயே மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். பிள்ளை ஊரைக் கூட்டி அழுதது. மாமன் சட்டையைப் பிடித்த பிடியை அது விடவே இல்லை.

அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரைப் பிறகும் பல தடவை பார்த்திருக்கிறேன். "சௌக்கியமா மேடம்?" என்று அதே சிரிப்போடு கேட்பார். ஒரு தடவைகூட நான் பதில் சொன்னதில்லை. வருடங்கள் ஓடியும் அவர் மேல் உள்ள கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. ஆனாலும் பஸ்ஸிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது ஒரு மனிதரை ஒரு வார்த்தை கேட்காமல் பிடித்துத் தூக்குவதைப் பார்க்கும்போது எனக்கு வரும் ஆத்திரத்தில் பாதி, பதினைந்து வருடம் அதையே அன்பு என்று நினைத்துச் செய்துகொண்டிருந்த என் இரண்டு கைகளின் மேல்தான்.